பேஸ் கிட்டார் கேபினெட்டுக்கு எத்தனை அங்குல ஸ்பீக்கர்? கொங்குப் பக்கத்து மேடைகளுக்கான முழுமையான வழிகாட்டி

"பத்தா, பன்னண்டா, பதினஞ்சா?" பேஸ் கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி) வாங்கவோ செய்யவோ கிளம்புகிறவர் முதலில் கேட்பது இதைத்தான். கேட்க வேண்டியதுதான், ஆனால் கடைசியாக. எங்கே வாசிக்கிறீர்கள், ஆம்ப் எத்தனை ஓம் மின்தடை வரை தாங்கும், பெட்டியை எதில் ஏற்றிக்கொண்டு போகிறீர்கள் என்ற மூன்றும் தெளிந்துவிட்டால் அங்குலம் பெரும்பாலும் தானாக முடிவாகிவிடும். அந்த வரிசையிலேயே போவோம்.

முதல் படி: இடத்தைப் பாருங்கள்

கோபி, அந்தியூர், காங்கேயம், தாராபுரம் பக்கம் மாரியம்மன் நோம்பிக்குக் கச்சேரி என்றால் மேடை வெட்டவெளியில்தான் இருக்கும். சத்தத்தைத் திருப்பி அனுப்பச் சுவர் கிடையாது. தூரம் இரண்டு மடங்காகும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 98 டெசிபல் தரும் ஸ்பீக்கருக்கு 200 வாட் கொடுத்தால் 23 டெசிபல் கூடி 121 ஆகும். 32 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு அதில் 30 போய் 91 மிஞ்சும். தாளில் இது நல்ல கணக்காகத் தெரியும். ஆனால் அந்த 98 நடு அலைவரிசைக்கு எழுதிய எண். அடி ‘ஈ’ சுரத்தில் அதே ஸ்பீக்கர் 10 டெசிபலோ அதற்கு மேலோ குறைவாகத்தான் தரும்.

அதனால் நோம்பி மேடைக்கு ஒப்புக்கொள்ளும்போது ரேடியோ செட்காரரிடம் "சப் வருதுங்களா?" என்று கேட்டுவிடுங்கள். சப் என்பது அடிச் சுரத்துக்கென்றே இருக்கும் சப்பூஃபர். 18 அங்குல சப் நாலு வருகிறது என்றால், ஆம்பிலிருந்து டி.ஐ. லைன் (மிக்சருக்கு நேராகப் போகும் இணைப்பு) கொடுத்துவிட்டால் போதும். கூட்டத்துக்கான பேஸை சப் பார்த்துக்கொள்ளும். உங்கள் கேபினெட் உங்களுக்கும் டிரம்ஸ்காரருக்கும் மட்டுமே கேட்டால் போதும். சப் இல்லாமல் தூண் மாதிரி நிற்கும் ‘காலம்’ ஸ்பீக்கரும் கூம்பு ஹார்னும் மட்டும் வந்தால், அந்தக் கூம்பில் பேஸ் வராது. மைதானத்துக்கு இருக்கும் ஒரே பேஸ் உங்கள் பெட்டிதான். இந்த இரண்டு நிலைமைக்கும் வேண்டிய கேபினெட் ஒன்றல்ல.

கல்யாண மண்டபத்தில் தொல்லை நேர்மாறு. கான்கிரீட் கூரை, கிரானைட் தரை, கண்ணாடிக் கதவு. அடிச் சுரம் குறைவதில்லை, மிதமிஞ்சித் திரண்டு சேறாகிறது. அங்கே நடு அலைவரிசை தெளிவாக இருக்கும் சின்ன கோன்கள் (ஸ்பீக்கரில் முன்னும் பின்னும் அதிரும் பகுதி) பெரிய கோனைவிடக் கைகொடுக்கும். சர்ச்சிலும் ஏறக்குறைய இதே கதைதான்.

பயிற்சி அறை தனி ரகம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை என்றால் பத்தடிச் சுவர்களுக்கு நடுவே சுமார் 57 ஹெர்ட்ஸும் பன்னிரண்டு அடிக்கு 47 ஹெர்ட்ஸும் எழும்பி நிற்கும். ‘ஏ’ தந்தியைத் திறந்து தட்டினால் 55 ஹெர்ட்ஸ், ‘ஈ’ தந்தியின் மூன்றாம் கட்டத்தில் ‘ஜி’ 49 ஹெர்ட்ஸ். இந்தச் சுரங்கள் மட்டும் அறையில் முட்டும். இதைக் கேட்டுவிட்டு "ஸ்பீக்கர் சரியில்லை" என்று மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. பெட்டியை மூலையிலிருந்து மூன்றடி தள்ளி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஸ்பீக்கரைக் குறை சொல்ல வேண்டும்.

இரண்டாம் படி: எவ்வளவு கீழே போக வேண்டும்?

நாலு தந்தி பேஸில் அடி ‘ஈ’ 41.2 ஹெர்ட்ஸ். ஐந்து தந்தியில் அடி ‘பி’ 30.9 ஹெர்ட்ஸ். இதைப் பார்த்து "31 ஹெர்ட்ஸ் வரை போகிற பெட்டி வேண்டும்" என்று நினைப்பது இயல்புதான். ஆனால் ‘ஈ’ தந்தியைத் தட்டும்போது வருவதில் 41ஐவிட அதன் இரட்டிப்பான 82 ஹெர்ட்ஸ்தான் பெரும்பாலும் வலுவாக இருக்கும். காது அந்த மேல் அலைகளை வைத்தே அடிச் சுரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

1969இல் வந்த ஆம்பெக் எஸ்.வி.டி.யை எடுத்துக்கொள்ளுங்கள். 300 வாட் ஹெட், அதாவது பெட்டி இல்லாத தனி ஆம்ப். அதோடு எட்டு 10 அங்குல ஸ்பீக்கர் கொண்ட அடைத்த பெட்டி. ராக் மேடைகளில் பேஸ் என்றாலே இதுதான் என்று பெயர் வாங்கியது. அதே 8×10 இன்றும் விற்கிறது. அதன் விவரத்தாளில் 58 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் இறங்கிவிடுகிறது, 40 ஹெர்ட்ஸில் 10 டெசிபல். அடியில் அவ்வளவு ஆழமாகப் போகாத பெட்டிதான் அது. எட்டுக் கோன்களும் சேர்ந்து 80 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை தள்ளும் காற்றுதான் நெஞ்சில் இடிக்கிறது.

மேடைக்கு 45 முதல் 50 ஹெர்ட்ஸ் வரை நேர்மையாக வரும் பெட்டி போதும். அதற்குக் கீழே ஆசைப்பட்டால் பெட்டி பெரிதாகும், அல்லது சத்தம் குறையும். ஆழமான பேஸ், சின்னப் பெட்டி, அதிகச் சத்தம் ஆகிய மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். ஸ்பீக்கர் துறையில் இதை ஹாஃப்மேனின் இரும்பு விதி என்பார்கள்.

மூன்றாம் படி: அங்குலத்தைக் காற்றாக மாற்றிக் கணக்கிடுங்கள்

பேஸ் என்பது நகரும் காற்றின் கொள்ளளவு. கோனின் பரப்பை, அது ஒரு பக்கம் ஒழுங்காக நகரும் தூரத்தால் பெருக்கினால் அது வரும். அந்தத் தூரம் விவரத்தாளில் எக்ஸ்மேக்ஸ் என்று இருக்கும். தோராயமான கோன் பரப்புகள் இவை:

8 அங்குலம்: 215 சதுர செ.மீ.
10 அங்குலம்: 350 சதுர செ.மீ.
12 அங்குலம்: 530 சதுர செ.மீ.
15 அங்குலம்: 860 சதுர செ.மீ.

எக்ஸ்மேக்ஸ் 4 மி.மீ. உள்ள ஒரு பதினைந்து, 860 × 0.4 = 344 கன செ.மீ. தள்ளும். எக்ஸ்மேக்ஸ் 6.5 மி.மீ. உள்ள ஒரு பன்னிரண்டும் 530 × 0.65 என்று அதே 344தான். எக்ஸ்மேக்ஸ் 5 மி.மீ. உள்ள இரண்டு பத்து 350. மூன்றும் ஒன்றே. "பதினஞ்சுதான் அடி பேஸ்" என்பது எக்ஸ்மேக்ஸ் 2, 3 மி.மீ. மட்டுமே இருந்த காலத்துப் பேச்சு. பழைய பதினைந்தில் கேட்ட அந்தக் கொழுகொழுப்பு பாதிக்கு மேல், அதில் மேல் அலைகள் சீக்கிரம் மடங்கிவிடுவதால் வருவது. கீழே கூடுதலாக எதுவும் கிடைப்பதில்லை.

அங்குலம் நிஜமாகவே வேலை காட்டும் இடம் ஒன்று உண்டு: சத்தம் பக்கவாட்டில் விரிவது. கோனின் அகலமும் அலைநீளமும் நெருங்கும்போது சத்தம் நேராகக் குவிய ஆரம்பிக்கும். பதினைந்தில் அது சுமார் 1 கிலோஹெர்ட்ஸில் தொடங்கும், பன்னிரண்டில் 1.3, பத்தில் 1.6. பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் கீபோர்டுகாரருக்கு விரல் தட்டு கேட்காது, வெறும் ‘ம்ம்ம்’ மட்டும் கேட்கும் என்றால் காரணம் இதுதான். வாசிக்கிறவரின் காது பெட்டிக்கு நாலடி மேலே இருப்பதால் அவருக்கும் கேட்பதில்லை. உடனே ட்ரெபிளைக் கூட்டுவார், முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் காதைப் பொத்திக்கொள்வார். பெட்டியின் முன்பக்கத்தை ஒரு செங்கல் உயரம் தூக்கிச் சாய்த்து வைத்தாலே பாதி தீரும்.

இரண்டு ஸ்பீக்கர் இருந்தால் அவை ஒன்றன் மேல் ஒன்றாக இருக்க வேண்டும். பக்கம் பக்கமாக வைத்தால் பக்கவாட்டில் ஒன்றின் சத்தத்தை மற்றொன்று வெட்டும். கடையில் கிடைக்கும் 2×10 பெட்டிகள் பெரும்பாலும் படுக்கையாகத்தான் இருக்கின்றன. வாங்கி நிமிர்த்தி வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: அளவு வாரியாகத் தீர்ப்பு

8 அங்குலம்: வீட்டுக்கும் சின்ன சர்ச்சுக்கும். ஒன்று போதாது, நாலு வேண்டும். நாலு எட்டு 860 சதுர செ.மீ., ஒரு பதினைந்துக்குச் சமம். எக்ஸ்மேக்ஸ் நன்றாக இருந்தால் தெளிவில் பதினைந்தைத் தோற்கடிக்கும்.

10 அங்குலம்: மண்டபக் கச்சேரிக்கு 2×10 நிமிர்த்தி வைத்தால் பிரமாதம். சப் இல்லாத வெட்டவெளிக்கு 4×10க்குக் கீழே போக வேண்டாம். ஆனால் காந்தம் கனமான ஃபெரைட்டாக இருக்கும் 4×10ஐ ஒரு ஆள் மாடிப்படி ஏற்ற முடியாது. முதல் மாடியில் மேடை வைத்திருக்கும் மண்டபங்கள் ஈரோட்டிலும் திருப்பூரிலும் எத்தனை என்று எண்ணிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

12 அங்குலம்: இந்தப் பக்கத்து வேலைக்கு எங்கள் ஓட்டு இதற்குத்தான். ஒரே மாதிரி 1×12 பெட்டி இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சிக்கும் மண்டபத்துக்கும் ஒன்று, நோம்பிக்கு இரண்டையும் அடுக்கிக்கொள்ளலாம். ஆட்டோவில் ஒன்று போகும். குட்டியானையில் டிரம்ஸ், கீபோர்டு ஸ்டாண்டோடு இரண்டும் போகும். ஒன்று பழுதானாலும் மற்றொன்றை வைத்து இரவை ஓட்டிவிடலாம்.

15 அங்குலம்: தந்தியைக் கட்டைவிரலால் அடித்து வாசிக்கும் ஸ்லாப் வாசிப்புக்கு ஆகாது. பழைய மெல்லிசைப் பாட்டுகளுக்கு உருண்டையான பேஸ் வேண்டும் என்பவர் தாராளமாக எடுக்கலாம்.

18 அங்குலம்: சப் வேலைக்கு விட்டுவிடுங்கள்.

4×10க்குக் கீழே ஒரு 1×15 வைக்கும் வழக்கம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டு பெட்டியும் 8 ஓம் என்றால் ஆம்ப் இரண்டுக்கும் பாதிப் பாதி பவர் அனுப்பும். 400 வாட்டில் நாலு பத்துக்கு ஆளுக்கு 50, அந்த ஒற்றைப் பதினைந்துக்கு 200. நாலு பத்து இன்னும் அசராமல் இருக்கும்போது பதினைந்து கரகரக்கத் தொடங்கும். போதாததற்கு, இரண்டு பெட்டியின் போர்ட் ட்யூனிங்கும் (பெட்டியின் காற்றுக் குழாய் எந்த அலைவரிசைக்கு அமைந்தது என்பது) வேறாக இருந்தால் சில சுரங்களில் ஒன்றை ஒன்று விழுங்கும். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கும். இதைவிட ஒரே மாதிரிப் பெட்டி இரண்டு எப்போதும் மேல்.

ஐந்தாம் படி: ஓம்

இரண்டு 8 ஓம் பெட்டியை இணையாக மாட்டினால் 4 ஓம். மூன்று மாட்டினால் 2.7. பெரும்பாலான பேஸ் ஆம்புகள் 4 ஓமோடு நின்றுவிடும். பின்பலகையில் எழுதியிருக்கும் குறைந்தபட்ச ஓமைப் பார்த்துவிட்டு மூன்றாவது பெட்டியைத் தொடுங்கள்.

நாலு ஸ்பீக்கர் பெட்டிக்குள் இரண்டிரண்டைத் தொடராக்கி அந்த இரு ஜோடிகளையும் இணையாக்கினால், 8 ஓம் ஸ்பீக்கர் நாலு சேர்ந்து 8 ஓமாகவே நிற்கும். நாலையும் நேராக இணையாக்கினால் 2 ஓம், ஆம்ப் பாதுகாப்புக்குப் போய் நிற்கும், அல்லது சூட்டில் போகும். பின்னாளில் இன்னொரு பெட்டி சேர்க்கும் எண்ணம் இருந்தால் முதல் பெட்டியை 8 ஓமாக வாங்குங்கள். அதே மாதிரி இரண்டாவது பெட்டியை மாட்டும்போது 6 டெசிபல் வரை கூடும்: ஓம் பாதியாவதால் இரட்டிப்பாகும் பவருக்கு 3, கோன் பரப்பு இரட்டிப்பதற்கு 3. வெறும் ஆம்பை மட்டும் இரட்டிப்பு வாட் ஆக்கினால் 3தான் கிடைக்கும். காசை எங்கே போடுவது என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும்.

ஆறாம் படி: விவரத்தாளைப் படிப்பது

தீல், ஸ்மால் என்ற இருவர் ஆஸ்திரேலியாவில் 1960, 70களில் வகுத்த அளவுகள்தான் இன்றும் நல்ல விவரத்தாள்களில் இருப்பவை. அவை அச்சிடாத ஸ்பீக்கரை வாங்கவே வேண்டாம். போர்ட் பெட்டிக்கு 12 அங்குலத்தில் எஃப்.எஸ். (கோன் தானாக அதிரும் அலைவரிசை) 40 முதல் 50 ஹெர்ட்ஸ், க்யூ.டி.எஸ். (அந்த அதிர்வு எவ்வளவு கட்டுப்படுகிறது என்ற எண்) 0.3 முதல் 0.4, எக்ஸ்மேக்ஸ் குறைந்தது 5 மி.மீ., சென்சிட்டிவிட்டி (ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் வரும் சத்தம்) 95 டெசிபலுக்கு மேல் என்று தேடுங்கள்.

தப்பு நடக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, எலெக்ட்ரிக் கிட்டார் ஸ்பீக்கரைப் போடுவது. செலஷன் விண்டேஜ் 30இன் எஃப்.எஸ். 75 ஹெர்ட்ஸ். அந்த வகையில் கோன் நகரும் இடமே ஒன்றிரண்டு மி.மீ.தான். பேஸுக்கு மாட்டினால் ‘வாய்ஸ் காயில்’ (கோனை அசைக்கும் கம்பிச் சுருள்) முட்டி முட்டி ஒரே கச்சேரியில் போய்விடும். இரண்டு, கார் சப்பூஃபர். கோயம்புத்தூர் கார் ஆடியோ கடைகளில் 12 அங்குலம் பளபளவென்று நிற்கும், எக்ஸ்மேக்ஸும் தாராளம். ஆனால் சென்சிட்டிவிட்டி 87 டெசிபல் அளவில் இருக்கும். 97 உள்ள ஸ்பீக்கரின் சத்தத்தை எட்ட அதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும். விரல் தட்டும் அதில் வராது.

வாட் எண்ணைக் கடைசியாகப் பாருங்கள். அது அந்தக் கம்பிச் சுருள் எரியாமல் தாங்கும் சூட்டின் அளவு. 300 வாட் என்று எழுதிய ஸ்பீக்கர் 40 ஹெர்ட்ஸில் 100 வாட்டிலேயே எக்ஸ்மேக்ஸைத் தாண்டக்கூடும்.

ஏழாம் படி: ஒரு 1×12 பெட்டி, அளவுகளோடு

நிகரக் கொள்ளளவு 70 லிட்டர், ட்யூனிங் 45 ஹெர்ட்ஸ். மேலே சொன்ன வகைப் பன்னிரண்டுக்குப் பொருந்தும் பொதுவான அளவு இது. வாங்கிய ஸ்பீக்கரின் எண்களை வின்ஐஎஸ்டி போன்ற இலவச மென்பொருளில் போட்டுச் சரிபார்த்த பிறகே பலகையை அறுங்கள்.

பலகை 18 மி.மீ. பி.டபிள்யூ.ஆர். (ஈரம் தாங்கும்) பிளைவுட். பக்கப் பலகை இரண்டு 55.6 × 41.6 செ.மீ., மேலும் கீழும் 41 × 41.6, முன்னும் பின்னும் 41 × 52. முன்பின் பலகைகள் சட்டத்துக்குள் உட்காரும். உள்ளே 41 × 52 × 38, அதாவது 81 லிட்டர். ஸ்பீக்கர் சுமார் 3, போர்ட் குழாய்கள் 5, உள்சட்டங்கள் 2 லிட்டரைப் பிடித்துக்கொள்ள 70 சொச்சம் மிஞ்சும். எட்டுக்கு நாலு ஷீட் ஒன்றில் இரண்டு பெட்டி வெட்டலாம் என்று ஆசாரி சொன்னால் கேட்காதீர்கள். 41.6 அகலத்தில் இரண்டு பட்டை எடுத்ததும் 38 செ.மீ. சொச்சம்தான் மிஞ்சும், முன்பலகைக்கு 41 வேண்டும்.

போர்ட்டுக்கு வெளியே அலைய வேண்டாம். தண்ணீர்க் குழாய்க் கடையில் 110 மி.மீ. பி.வி.சி. கிடைக்கும். உள் விட்டத்தை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். 104 மி.மீ. என்றால் இரண்டு குழாய், ஒவ்வொன்றும் 28.5 செ.மீ., முன்பலகையின் தடிமனையும் சேர்த்து. முதலில் 30 செ.மீ. வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு குறைக்கலாம். ஒரே குழாய் போட்டால் 10 செ.மீ. நீளமே போதும் என்று கணக்கு சொல்லும். சத்தம் கூட்டியதும் அது ‘புஸ் புஸ்’ என்று ஊதும், அந்த வழிக்குப் போகாதீர்கள்.

மூட்டுகளில் ஃபெவிக்காலோடு 15 செ.மீ.க்கு ஒரு திருகு. நடுவில் முன்பலகையையும் பின்பலகையையும் இணைத்து ஒரு 5 × 2.5 செ.மீ. கட்டை. ஸ்பீக்கரை மரத் திருகில் மாட்டாதீர்கள். எட்டு எம்5 போல்ட், பின்னால் டீ-நட். விளிம்பில் ஃபோம் டேப். உள்வயர் 1.5 சதுர மி.மீ. செம்பு, பின்னால் ஸ்பீக்கான் சாக்கெட்.

உள்சுவர் மூன்றில் ஒரு அங்குலத் தடிமனுக்குப் பாலியஸ்டர் ஃபைபர் ஷீட் ஒட்டுங்கள். திருப்பூர்க்காரர்களுக்குப் பனியன் வேஸ்ட் சும்மாவே கிடைக்கும் என்பதால் அதை அமுக்கி அடைக்கும் பழக்கம் இருக்கிறது. தைத்துத் தட்டையாக ஆணி அடித்தால் அதுவும் வேலை செய்யும். உதிரியாக அடைத்தால் சரிந்து போர்ட் வாயை மூடும். இலவம்பஞ்சு வேண்டவே வேண்டாம், பறந்து போய்க் காந்தத்தின் காற்றுத் துளையில் சிக்கும்.

எட்டாம் படி: சோதனை

வயர் இணைத்ததும் 9 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். பேட்டரியின் பாசிட்டிவ், சாக்கெட்டின் பாசிட்டிவில் பட்டால் கோன் வெளியே துள்ள வேண்டும். இரண்டு பெட்டியில் ஒன்று உள்ளே இழுத்தால் பேஸ் மொத்தமும் காணாமல் போகும். "ரெண்டு பெட்டி வெச்சும் ஒண்ணுதான் கேக்குது" என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டியது இது.

அடுத்து ட்யூனிங். ஃபோனில் டோன் ஜெனரேட்டர் செயலியை ஆம்பில் செருகி, மிதமான சத்தத்தில் 80 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல இறக்குங்கள். கோனில் விரல் நுனியை லேசாக வைத்தபடி கவனியுங்கள். ஒரு இடத்தில் கோன் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். அதே நேரம் போர்ட் வாயில் ஊதுபத்தியைக் காட்டினால் புகை வெடவெடவென்று சிதறும். அதுதான் பெட்டியின் ட்யூனிங். 45க்கு மேலே வந்தால் குழாய் நீளம் போதவில்லை. கீழே வந்தால் ஒவ்வொரு செ.மீ.யாக வெட்டுங்கள், செ.மீ.க்கு அரை ஹெர்ட்ஸுக்குச் சற்று அதிகமாக ஏறும். டோனை இன்னும் கீழே 35க்கு இறக்கினால் கோன் பிடியில்லாமல் கூத்தாடும். ஐந்து தந்தி வாசிப்பவர் ஆம்பிலோ பெடலிலோ 35 ஹெர்ட்ஸ் ஹை-பாஸ் (அதற்குக் கீழே உள்ளதை வெட்டும் ஃபில்டர்) வைத்துக்கொள்ள வேண்டியது இதற்காகத்தான்.

பக்கங்களில் ‘ஸ்ஸ்’ என்று கேட்டால் மூட்டில் காற்று கசிகிறது. சோப்புத் தண்ணீர் தொட்டுக் குமிழ் வரும் இடத்தைப் பாருங்கள், உள்ளிருந்து பசை பூசுங்கள்.

பெட்டி நிற்கும் இடத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பொள்ளாச்சிப் பக்கத்தில் தேங்காய் நார்த் தூசி, திருப்பூரில் பஞ்சு, எங்கே என்றாலும் ஆடி மாதக் காற்றில் மண். போர்ட் வழியாக எல்லாம் உள்ளே போகும். சும்மா கிடக்கும் பெட்டியின் குழாயில் குளவி கூடும் கட்டும். கச்சேரி இல்லாத நாளில் போர்ட்டுக்கு ஒரு ஃபோம் உருண்டையைச் செருகி, வெளியே தொங்கும்படி சிவப்புத் துணி ஒன்றைக் கட்டிவிடுங்கள். எடுக்க மறந்து மேடையேறினால் பெட்டி அடைத்த பெட்டியாகி, அடிச் சுரம் அடங்கிப் போகும்.